சிப்போரா வீட்டுக் கடல்

கூடாரப் பண்டிகைக்காக முற்றத்தில் போட்டிருந்த ஓலைப் பந்தலைப் பிரித்த மறுநாள் காலையில் சிப்போராவின் வீட்டுக்குக் கடல் வந்தது. கட்டிலிலிருந்து காலை இறக்கியவள் கணுக்கால் வரை தண்ணீரில் நின்றாள். குடம் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்தது, கட்டிலுக்கடியில் மீன்குஞ்சுகள் திரிந்தன, சுவர் ஓரத்தில் பாசி மிதந்தது. வாசற்கதவைத் திறந்தாள். தெரு காய்ந்து புழுதியாகக் கிடந்தது. திறந்த கதவின் வழியே ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை, நிலைப்படியின் விளிம்பில் கண்ணாடிச் சுவர்போல் நிமிர்ந்து நின்றது தண்ணீர்.

சிப்போரா தன் புருஷன் நகூமை எழுப்பினாள். "எழுந்திருங்க. கடல் வந்திருக்கு," என்றாள், சொந்தக்காரர் யாரோ வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பதைச் சொல்வதுபோல.

தென்கோடியில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நாவாய்த்துறையில் யூதர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு தெரு, தெருவின் முனையில் ஜெப ஆலயம், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால்தான் நிஜக் கடல். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாது, அவித்த முட்டையும் பருப்பும் அடுத்த வீடுகளிலிருந்து வரும். பஸ்கா பண்டிகைக்கு மாவு வாங்க வழியில்லாத வீட்டு வாசலில் மாவு மூட்டை தானாக வந்து நிற்கும், கதவைத் தட்டியவர் கதவு திறப்பதற்குள் போயிருப்பார், கொடுத்தவர் முகம் வாங்கியவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. யாருக்குக் கல்யாணம் என்றாலும் பட்டுத்துணி எல்லார் பெட்டியிலிருந்தும் வெளியே வரும். ஆகவே கடல் வந்த வீட்டுக்கும் தெரு முழுக்க வந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் வந்தது, கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்தது, நெல்லையும் துணிகளையும் பரணில் ஏற்றியது, குடம் குடமாக அள்ளிச் சாக்கடையில் கொட்டியது. கொட்டிய குடம் திரும்புவதற்குள் தண்ணீர் பழைய அளவுக்கு நின்றது. தோப்புக்கு அப்பால் நிஜக் கடலில் ஏற்றம் வந்தால் வீட்டுக்குள்ளும் முழங்கால் வரை ஏறியது, அங்கே வற்றினால் இங்கேயும் வற்றியது.

சிப்போராவும் நகூமும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடியில் இருந்த அவள் தம்பி வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் தம்பியின் கூடத்தில் தண்ணீர் கசிந்தது. தம்பி பெண்டாட்டி குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்ததை சிப்போரா பார்த்தாள். "இது வீட்டுக்கு வந்ததில்ல, எனக்கு வந்தது," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

எதிர்வீட்டில் தீனா இருந்தாள், வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கைக்குழந்தைக்காரி. அவளும் எல்லோரோடும் சேர்ந்து அள்ளிக்கொண்டிருந்தபோது குழந்தை வீரிட்டு அழும் சத்தம் கேட்டு, இடுப்பில் இருந்த குடத்தோடேயே வீட்டுக்கு ஓடினாள். குடத்தைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டுக் குழந்தையை எடுத்தாள், குடத்தை மறந்துபோனாள். மறுநாள் சிப்போரா வீட்டுத் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது, ஏற்றத்திலும் அந்த ஒரு விரற்கடை திரும்பவில்லை. காரணம் புரிந்தபோது தீனா அந்தக் குடத்தைச் சாக்கடையில் கொட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஏறியது. மறுபடி ஒரு குடம் மொண்டுவந்து மூலையில் வைத்தாள். இறங்கியது.

வீட்டுக்கு ஒரு குடமாக எடுத்து வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய அன்றைக்கே ஜெப ஆலயத்தில் கூட்டம் போட்டார்கள். தெருவின் தலைவருக்கு முன்காலத்து ராஜா ஒருவர் கொடுத்த பட்டம் முதலியார், அப்போது அந்தப் பட்டம் எலியா என்பவரிடம் இருந்தது.

"முதலியாரே, நோயாளி வீட்டுக்கு நாம கஞ்சி கொண்டுபோவோம். நோயை எடுத்துக்கிட்டு வர மாட்டோம்," என்றார் மரவியாபாரி யோனா.

"கஞ்சி கொடுத்தாச்சு, யோனா. தண்ணி குறையல்ல."

"கொண்டுவந்து வச்சா அது நம்மள விட்டுப் போகும்னு என்ன நிச்சயம்?"

மேல்மாடத்தில் மரச்சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடத்திலிருந்து தீனாவின் குரல் வந்தது. "என் வீட்டுல ஒரு குடம் இருக்கு. இன்னொண்ணுக்கும் இடம் இருக்கு."

அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை, யோனாவாலும். குயவரிடம் சொல்லி ஒரே அச்சில் ஜாடிகள் செய்து வாங்கினார்கள், யார் பங்கு பெரிது யார் பங்கு சிறிது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக வாயை வெள்ளைத் துணியால் கட்டினார்கள், வீட்டுக்கு ஒன்றாகச் சுமந்துபோய் வைத்தார்கள். சிப்போரா வீட்டுத் தரை அன்று மதியம் வெளியே தெரிந்தது. அவள் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து தெரு முழுவதற்கும் அப்பம் சுட்டாள்.

தெரு ஜாடிகளோடு வாழக் கற்றுக்கொண்டது. பௌர்ணமிக்கு ஜாடித் தண்ணீர் துணியைத் தொடும் என்று தெரிந்துகொண்டார்கள், ஜாடி இருக்கும் அறையில் பால் உறை ஊற்றக் கூடாது என்று தெரிந்துகொண்டார்கள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஜாடியின் துணியை மாற்றினார்கள். புதுமணப் பெண் வீட்டுக்குள் வந்ததும் அவளிடம் அடுப்பைக் காட்டுவார்கள், கிணற்றைக் காட்டுவார்கள், ஜாடியைக் காட்டுவார்கள். சந்தையில் சந்தித்துக்கொண்டால், "உங்க வீட்டுக் கடல் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள், "சும்மா இருக்கு" என்று பதில் வந்தால் நிம்மதியாகப் போனார்கள். ஆனால் அது சும்மா இருக்கவில்லை. காற்று அசையாத மத்தியானங்களில் ஜாடிக்குப் பக்கத்தில் படுத்தவர்கள் அது மூச்சு விடுவதைக் கேட்டார்கள். சுவர்களில் உப்புப் பூத்து ஆள் உயரத்துக்கு ஏறியது. தவழும் குழந்தைகள் எந்த மூலையில் விட்டாலும் ஜாடியை நோக்கியே தவழ்ந்தன, அதனால் குழந்தை பிறந்த வீட்டு ஜாடியை அது நடக்கப் பழகும்வரை பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். அப்படி வாங்கிய வீட்டில் இரண்டு ஜாடிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. என்ன பேசின என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் பேச்சின் நடுவே வீட்டிலுள்ளவர்களின் பெயர்கள் வந்ததை எல்லோரும் கேட்டார்கள். கேட்டதை யாரும் வெளியே சொல்லவில்லை, சொன்னால் நாளைக்குத் தன் வீட்டு ஜாடியை யார் வாங்குவார்கள் என்ற பயம்.

தீனாவின் கைக்குழந்தை லேயா வளர்ந்து பெரியவளான சமயத்தில், மேற்கே பாலைவன ஓரத்தில் யூதர்களுக்கென்று ஒரு நாடு உண்டாகிவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டாயிரம் வருஷமாகப் பிரார்த்தனையில் மட்டும் இருந்த ஊருக்கு இப்போது கப்பல் போகிறது என்றார்கள். இளசுகள் முதலில் போனார்கள். லேயாவும் கல்யாணமான கையோடு புருஷனுடன் போனாள். பிறகு குடும்பங்கள் கிளம்பின, கிளம்பும்போதுதான் மூலையில் இருந்த ஜாடி எல்லோர் கண்ணிலும் பட்டது.

முதலில் போன குடும்பம் ஜாடித் தண்ணீரைத் தகர டப்பாவில் ஊற்றி ஈயத்தால் மூடிக் கையோடு எடுத்துப் போனது. ரயில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியபோது தகரம் லேசாகிவிட்டது, அதே நேரத்தில் சிப்போராவின் தரை நனைந்தது. அதனால் போகிறவர்கள் இருக்கிறவர்களிடம் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவதென்று ஏற்பாடாயிற்று. போகிறவர்கள் வாசல் வாசலாக வந்து நின்றார்கள். கட்டிலைக் கொடுத்தார்கள், பீரோவைக் கொடுத்தார்கள், கறவைப் பசுவைக் கொடுத்தார்கள், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "அப்புறம் அந்த ஜாடி..." என்றார்கள். இருக்கிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். தீனாவின் சமையலறையில் ஜாடிகள் வரிசை கட்டின. அவள் புருஷன் ஏசாயா வீட்டுக்குள் தன் பெயர் கேட்பது பொறுக்காமல் பகலெல்லாம் ஜெப ஆலயத்தின் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

யோனா யாரிடமும் சொல்லவில்லை. தன் ஜாடியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போவதாகக் குடும்பத்தோடு வண்டி ஏறினார். ஆளில்லாத வீட்டில் இருக்கும் ஜாடி கணக்கில் சேராது என்பதும், கட்டிய துணிக்கடியில் கடல் இத்தனை வருஷத்தில் வளர்ந்திருந்தது என்பதும் அதுவரை யாருக்கும் தெரியாது. அன்று பிற்பகல் சிப்போரா சந்தைக்குப் போயிருந்தாள். பக்கவாதம் வந்து கிடந்த நகூம், தன்னைத் தூக்கி இறக்கும் மனைவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று செங்கல்களை எடுத்துவிட்ட தாழ்ந்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தண்ணீர் நிலைப்படியில் இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடியாக நின்றது. அதற்குள் நகூமின் வெள்ளைச் சட்டை கைகளை விரித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

யோனா வீட்டுக் கதவை உடைத்து அந்த ஜாடியை இருந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் இறங்கியது. நகூமை அடக்கம் செய்தார்கள். சிப்போராவிடம் யோனாவின் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று எலியா முதலியார் கேட்டுக்கொண்டார், யாரும் சொல்லவில்லை. துக்கத்துக்குத் தரையில் உட்கார்ந்திருந்த சிப்போராவுக்குத் தீனா அவித்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்தாள்.

"யோனாதானே?" என்றாள் சிப்போரா.

தீனா பருப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"அவன் மேல எனக்குக் கோபமில்ல, தீனா. அவன் முதல் நாளே பயந்தான், பயத்தோடயே இத்தனை வருஷம் வச்சிருந்தான். அதுவும் ஒரு உபகாரம்தான்." முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "லேயாவுக்குப் பிரசவம் எப்ப?"

"அடுத்த மாசம்னு சொல்லியிருக்கா."

"நீ போ."

"போறேன், போறேன். முதல்ல சாப்பிடுங்கக்கா."

"நான் சொல்றத கேளு. எல்லா ஜாடியையும் கொண்டுவந்து இங்க ஊத்துங்க. என்னைத் தேடி வந்தது, என்னோட போகட்டும். நீங்க எல்லாரும் கப்பல் ஏறுங்க."

"ஊத்தினா நீங்க?"

"எனக்கு நீச்சல் தெரியும்," என்றாள் சிப்போரா. கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்துத் தீனா பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தாள்.

தீனா போகவில்லை. லேயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது. ஏசாயா சண்டை போட்டான், "ஊரான் பெண்டாட்டிக்காக உன் பேத்திய விட்டுட்டே" என்றான், பிறகு சண்டை போடுவதையும் விட்டுவிட்டான். தெருவில் பூட்டிய வீடுகள் அதிகமாகி, திறந்த வீடுகளில் ஜாடிகள் அதிகமாகி, படுக்க இடமில்லாமல் மனிதர்கள் வாசலில் படுத்தார்கள். ஜெப ஆலயத்தில் பிரார்த்தனைக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேராத ஓய்வுநாள் ஒன்று வந்தது. அன்று எலியா முதலியார் தோரா வேதச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த மழைக்காலத்தில் சிப்போரா காய்ச்சலில் இறந்தாள். பகல் வெளிச்சத்தில், தீனாவின் மடியில், காய்ந்த தரையில். மூச்சு நின்றதும் தீனா முதலில் செய்த காரியத்தை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டாள்: தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, எழுந்து தன் வீட்டுச் சமையலறைக்கு ஓடி ஜாடிகளின் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். எல்லாத் தெருக்காரர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஜாடிகள் நிறைந்திருந்தன. சிப்போராவுக்கு வந்த கடல் சிப்போராவோடு போகவில்லை.

"அப்ப இது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டான் ஏசாயா. எலியா முதலியார், "இனி தண்ணி ஏற அவ வீடு இல்ல. வச்சிட்டுப் போகலாம்," என்றார். நம்ப வேண்டும் என்பதற்காக எல்லோரும் நம்பினார்கள். ஜாடிகளை ஜெப ஆலயத்துக்குச் சுமந்துபோய் நடுக்கூடத்தில் வைத்தார்கள், கதவைப் பூட்டினார்கள். கடைசிக் குடும்பங்கள் சேர்ந்தே கப்பல் ஏறின. கப்பலில் எல்லோரும் தூங்கினார்கள், பல வருஷத்துத் தூக்கம். தீனா மட்டும் மேல்தளத்தில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புது நாட்டில் அதிகாரிகள் அவர்களை லாரிகளில் ஏற்றினார்கள். காலியாகக் கிடக்கும் நிலத்தையெல்லாம் நிரப்ப வேண்டியிருந்ததால் ஒரு குடும்பத்தை வடக்கே மலைக்கும், ஒரு குடும்பத்தை எல்லை ஓரத்துக்கும், எலியா முதலியாரைத் துறைமுக ஊருக்கும் அனுப்பினார்கள். தீனாவுக்கும் ஏசாயாவுக்கும் தெற்கே பாலைவனத்தில் தகரக்கூரை வீடு கிடைத்தது. வாசலில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் மணல். வந்த மறுநாள் காலையில் தீனா கட்டிலிலிருந்து காலை இறக்கினாள், இறக்கியதும் தெரிந்துகொண்டாள்.

லேயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழைத்துப்போக வந்தாள். தீனா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். பேத்தியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள், சுருட்டை முடி, ஏசாயாவின் காது. கையை நீட்டியது அது. தீனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா இது? உங்களுக்கு எங்க வீட்ல அறை ஒழிச்சு வச்சிருக்கேன்."

"நான் வந்தா தனியா வரமாட்டேன் லேயா."

"அங்க சிப்போராம்மாவுக்காக இருந்தீங்க. இங்க யாருக்காக இருக்கீங்க?" என்று கேட்டாள் லேயா. லேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள், அவள் தோளின் மேலிருந்து குழந்தை, பாட்டியின் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் இருட்டிய வீட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு போனது.

தண்ணீர் ஏறியது. ஊரில் அவள் வாங்கி வைத்த ஜாடிகள் எல்லாம் இப்போது ஜாடி இல்லாமல் வந்திருந்தன, கட்டிலுக்குச் செங்கல் வைக்க உதவக் கைகள் இல்லை, அருகில் அவள் பாஷை பேசுகிறவர் எவரும் இல்லை. வடக்கே போனவர்கள் வீட்டிலும் இதேதான் என்று லாரிக்காரன் மூலம் சேதி வந்தது, எங்களுக்கு முழங்கால் வரை, உங்களுக்கு எவ்வளவு என்று. ஒரு பகல் ஏசாயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது, தீனா. நான் இறங்கிப் போயிடவா?" என்று கேட்டான். கேட்ட குரலில் பயமே இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் ஒரு வாளியை மொண்டு எடுத்தாள். நிலைப்படியைத் தாண்டி வெயிலில் இறங்கி, அடுத்த தகரக்கூரை வீட்டின் முன் போய் நின்றாள். அந்த வீட்டுக்காரி கித்தல், வடக்கே பனி பெய்யும் தேசத்திலிருந்து வந்தவள், அங்கே யூதர்களைக் கொன்று எரித்தபோது பெரிய குடும்பத்தில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான் என்று குடியிருப்பில் சொல்லிக்கொண்டார்கள். அவள் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை, ஜன்னல்களை ஒருபோதும் திறந்ததில்லை. தீனா கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு ஒதுங்கிப் போகவில்லை, தன் முகம் தெரியும்படி நின்றாள்.

கதவு கொஞ்சம் திறந்தது. தீனா வாளியைக் காட்டினாள், தன் வீட்டைக் காட்டினாள், தண்ணீர் ஏறி வருவதை முழங்காலிலிருந்து கழுத்துவரை கையை உயர்த்திக் காட்டினாள். தெரியாத பாஷை என்று தெரிந்தும், "ஒரு மூலை போதும்மா. எங்க வீட்டுக்காரர் போயிடுவாரு," என்றாள்.

கித்தல் வாளியைப் பார்த்தாள், விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள், அவள் முகம் மாறவில்லை. பிறகு கதவை முழுக்கத் திறந்தாள். உள்ளே தரை இல்லை. சுவருக்குச் சுவர் சாம்பல் கிடந்தது, நுண்ணிய வெளிர்ச் சாம்பல், கட்டிலின் விளிம்புவரை, நாற்காலியின் இருக்கைவரை, அடுப்பை மூடி, மேசைக் காலை மூடி. அதில் அவள் நடந்து நடந்து கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே ஒரு தடம் போட்டிருந்தாள். கூரை மூடியிருந்தும் மேலிருந்து இன்னும் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. ஓடிவிட வேண்டும் என்று கால்கள் சொன்னதைத் தீனா உணர்ந்தாள், நின்றாள்.

கித்தல் வாளியை வாங்கிக்கொண்டு போய்ச் சாம்பலை ஒதுக்கி ஒரு மூலையில் வைத்தாள். பிறகு ஒரு தகர டப்பாவை எடுத்து, கையாலேயே, தூங்கும் குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தோடு, சாம்பலை அள்ளி அதில் நிரப்பினாள். வாசலுக்கு வந்தாள். நீட்டலாமா என்று தெரியாமல் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தீனாதான் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஈரம் படாத உயரமான பலகையைத் தேடி டப்பாவை அதன்மேல் வைத்தாள், தன் பெட்டியிலிருந்து சுத்தமான வெள்ளைத் துணியை எடுத்து வாயைக் கட்டினாள். ஏசாயா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னத்தக் கொண்டுவந்தே?"

தீனா டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தகரம் இன்னும் சுட்டது.

"ஆளுங்க," என்றாள். "மெதுவாப் பேசுங்க."